முகம் திருப்பியவர்கள்

மூடுபனி இப்படியே நின்றால் போதும் என்று வள்ளிமயில் நினைத்தாள். விழா நடக்கட்டும், வனத்துறை அதிகாரி டி.எஃப்.ஓ. அம்மா வரட்டும், பலகையின் மேல் கிடக்கும் பச்சைத் துணியை இழுக்கட்டும், எல்லாரும் கைதட்டட்டும், போண்டா தின்னட்டும், எல்லாம் இந்த வெள்ளைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடட்டும். மலை தெரியவில்லை என்றால் மலையைப் பற்றிப் படிப்பது ஒரு குற்றமாகாது. மூடியிருக்கும் மலைக்கு முன்னால் என்ன வேண்டுமானாலும் பேசலாம், சின்ன வயதில் அப்படித்தானே. ஆனால் படிக்க வேண்டியது அவருடைய, அந்த மலையின், பெயரை அல்லவே, வேறு எதையோ அல்லவா, அதற்கு மூடுபனி எப்படி உதவும் என்று உடனே இன்னொரு நினைப்பு வந்து முதல் நினைப்பின் காலைத் தட்டிவிட்டது. கையில் இருந்த தாள் ஈரத்தில் நமத்துப்போயிருந்தது. தாள் தேவையில்லை, அதில் இருப்பதெல்லாம் அவளே எழுதியது, பலகையில் இருப்பதும் அதுதான். தமிழில் மேலே, ஆங்கிலத்தில் கீழே. காட்சி முனையில் இருந்து தெரியும் சிகரங்களும் அவற்றுக்கு ஆங்கிலப் பெயர்கள் வந்த கதையும். ரேஞ்சர் குணசீலன் சார் நேற்றே சொல்லிவிட்டார், "வள்ளி, எழுதினது நீங்க, நீங்களே மைக்ல படிச்சுடுங்க. உங்க வாய்ஸ் நல்லா இருக்கும்." கடைசிச் சிகரத்துக்கு வரும்போது அந்த ஒரு வாக்கியத்தை அவள் படிக்க வேண்டும். அந்த வாக்கியத்தை, கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம், போர்வையைக் கழுத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கும் பெண்கள் கூட்டத்தின் நடுவில் இருந்து, அவளுடைய அம்மா கேட்கப்போகிறாள்.

மற்ற சிகரங்களில் ஒரு தொல்லையும் இல்லை. டாக்ஸ் டூத், நாயின் பல், பார்த்தாலே தெரியும், கூர்மையாக ஒன்று, பக்கத்தில் உடைந்த மாதிரி ஒன்று. சேடில் பீக், குதிரைச் சேணம் போல நடுவில் பள்ளம். எடித்ஸ் ஹில் மட்டும் அவளை அப்போதே ஏதோ செய்தது. முதல் முதலில் இங்கே காப்பித் தோட்டம் போட்ட துரை தன் மகள் பெயரை வைத்திருந்தார், அந்தக் குழந்தை கப்பலில் வரும்போதே காய்ச்சலில் இறந்துவிட்டது, இந்த மலையை அது பார்த்ததே இல்லை. அதை எழுதும்போது வள்ளிமயிலுக்குக் கண் கலங்கியது. பார்க்காத மலையில் ஒரு பெண்ணின் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, பார்த்துக்கொண்டே பிறந்தவர்கள் வைத்த பெயர்கள் எங்கே போயின என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியது. தோன்றியதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள், அவ்வளவுதான் உண்மை. வெள்ளைக்காரர் காலத்து மாவட்டக் குறிப்பேடான பழைய கெசட்டியரை ஸ்கேன் செய்து யாரோ இணையத்தில் போட்டிருந்தார்கள், எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி. அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். அப்படிப் படிப்பதில் ஒரு பெருமை இருந்தது. அவள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளே அவள்தான், அவள் இப்போது நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷைப் படிக்கிறாள். அந்தப் பெருமையோடு படித்துக்கொண்டு போனபோதுதான் வார்டில் என்ற கேப்டன் வந்தார். சர்வே செய்ய வந்தவர். மிக உயரமான சிகரத்துக்கு எதிரில் கருவியை நிறுத்திவிட்டு, சுமை தூக்கி வந்த காட்டு ஆட்களிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் எல்லாரும் ஒன்றாக முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். மறுபடி கேட்டார், அசையவில்லை. பெயரும் தெரியாது, தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் புத்தியும் கிடையாது, குழந்தைகள் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எழுதிவிட்டு, வரைபடத்தில் அந்தச் சிகரத்தின் மேல் சல்க்கி பீக் என்று குறித்தார். இன்று வரை அதுதான் பெயர். மூஞ்சி தூக்கிய சிகரம்.

படித்த இடத்தில் அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஹாஸ்டல் மாதிரி இருந்த அந்த அறையில் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்று அவளுக்குத் தெரியும். உலகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தவர்களிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அந்த மலை கண்ணுக்குத் தெரியும்போது அவர் பெயரைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அப்பாவை நேருக்கு நேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவோமா, அது மாதிரி. விறகுக்குப் போகும்போதும் தேனுக்குப் போகும்போதும் அவர் என்பார்கள், பெரியவர் என்பார்கள். மேகம் இறங்கி அவரை மூடிவிட்டால் மட்டும் சொல்லலாம். 'மூடிட்டாரு' என்று யாராவது ஒருத்தர் சொன்னால் போதும், அவள் பிறந்த மலைக் குடியிருப்பான செட்டில்மெண்டின் பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடி வந்து அந்தப் பெயரைக் கத்துவார்கள், ஒருத்தரை மிஞ்சி ஒருத்தர், தொண்டை கட்டும் வரைக்கும், மேகம் சட்டென்று விலகினால் பாதிப் பெயர் வாயிலேயே நின்றுவிடும், மீதியை விழுங்கிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவள்தான் எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்துவாள். வெளி ஆள் யாராவது அவர் எதிரில் நின்று பெயர் கேட்டுவிட்டால் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அது கோபம் இல்லை. கேட்டதுக்கு ஒத்துக்கொண்டேன், இந்தப் பக்கம் வா, கீழே இறங்கினதும் சொல்கிறேன் என்று அர்த்தம். அந்த மனிதர்கள் அந்தக் கேப்டனுக்கு மரியாதையாகச் சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவர் கொஞ்ச தூரம் கூட நடந்திருந்தால் போதும். எல்லாம் தெரிந்த வள்ளிமயில் மறுபடி உட்கார்ந்து, அகராதியைப் பார்த்து, நல்ல தமிழில் எழுதினாள்: 'பெயர் அறியாத மலைவாசிகள் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் இப்பெயர் ஏற்பட்டது.' பெயர் அறியாத. அந்தச் சொல்லைக் கேப்டன் எழுதினார், அவள் மொழிபெயர்த்தாள், அவ்வளவுதானே, மொழிபெயர்ப்பவள் மாற்றலாமா. மாற்ற வேண்டாம், பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்த்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

அங்கேதான் எப்போதும் வந்து சிக்கிக்கொள்கிறது. எப்படித் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் குணசீலன் சார் எந்த ஊர் என்று கேட்டார், பொள்ளாச்சிப் பக்கம் சார் என்றாள். பொய் இல்லை, ஆறாம் வகுப்பிலிருந்து காலேஜ் முடியும் வரை பொள்ளாச்சியில்தான் இருந்தாள், ஹாஸ்டலில். வனத்துறை அறக்கட்டளை வேலை, ஒரு வருஷக் கான்ட்ராக்ட், ஜாதிச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பாள். கேட்காததால் காட்டவில்லை. கேட்காமல் போனதில் சந்தோஷப்பட்டாள், அதுதான் இப்போது குத்துகிறது. செட்டில்மெண்ட் ஆட்கள் வந்தால் ஆபீசில் யாரும் கேவலமாகப் பேசிவிடவில்லை, நாற்காலி போட்டு டீ கொடுப்பார்கள், ஆனால் அவர்கள் போன பிறகு ஒரு சிரிப்பு இருக்கும், லேசான சிரிப்பு, பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து போன மாதிரி. அந்தச் சிரிப்புக்கு இந்தப் பக்கம் அவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. எழுதியதை எடுத்துக்கொண்டு சாரிடம் போன அன்று அவர் சத்தமாகப் படித்தார், கடைசி வாக்கியத்தில் நிறுத்தினார், "அப்பவே மூஞ்சியத் தூக்கிட்டு நின்னிருக்காங்க பாருங்களேன்" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். அவரும் நல்ல மனிதர்தான், நக்கலாகச் சிரிக்கவில்லை, வேடிக்கையாகச் சிரித்தார். அவளும் சிரித்தாள். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் சிரித்து முடிக்கும் வரைக்கும், அவரை விடக் கொஞ்சம் குறைவாக. பிறகு அவர் கேட்டார், "லோக்கல் பேர் ஏதாச்சும் இருக்கா வள்ளி? இருந்தா அதையும் போட்டுடலாம். நல்லாருக்கும்." கேட்டார். அவர் கேட்டார் என்பதுதான். அந்தக் கேப்டனாவது ஒரு இடத்தில் நின்று கேட்டுவிட்டுப் போனார், இவர் போட்டுவிடலாம் என்றே சொன்னார். அவள் சொன்னாள், "இல்ல சார். விசாரிச்சேன். யாருக்கும் தெரியல." ஜன்னலில் மலை தெரிந்தது, அதனால்தான் சொல்லவில்லை. சார் மேஜைக்குப் பின்னால் பெரிய ஜன்னல், அதற்குள் பெரியவர் முழுசாக நின்றுகொண்டிருந்தார், அவர் எதிரில் எப்படிச் சொல்வது. ஆமாம், தெரிந்தது. வெயில் பட்டு உச்சியில் பாறை மின்னியது. இந்த ஆறுதலைத்தான் இத்தனை மாதமாக அவள் வைத்துக்கொண்டிருந்தாள். தூக்கம் வராதபோது எடுத்துப் பார்ப்பாள், ஜன்னல், வெயில், பாறை. பழக்கத்தை மீறவில்லை, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை, சரிதானே.

"மேடம், இவங்களுக்கு டீ இப்பவே குடுத்துரலாமா?" என்று மைக்செட் பையன் கேட்டான். குடுங்க என்றாள். காகித டம்ளர்கள் கை மாறிப் போவதைப் பார்த்தாள். அம்மாவின் கைக்கு ஒன்று போனது. அம்மா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆவியை முகத்தில் வாங்கினாள், குளிர்காலத்தில் அடுப்புச் சட்டி முன்னால் உட்கார்ந்து செய்கிற மாதிரி. போன வாரம் அம்மா பேசினாள். அங்கே ஒரு பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும், காற்று இரைச்சல். "உன் ஆபீஸ்காரங்க எங்களக் கும்மி அடிக்கக் கூப்பிட்டிருக்காங்க. நான் வரட்டா, வேண்டாமா?" உன் இஷ்டம்மா என்றாள் வள்ளிமயில். வா என்று சொல்லவில்லை. காற்று கொஞ்ச நேரம் இரைந்தது. "அங்க வந்தா உன்ன நான் என்னன்னு கூப்பிடணும்?" என்று அம்மா கேட்டாள். அதில் கோபம் இல்லை, அழுகை இல்லை, கடைக்குப் போனால் என்ன வாங்கி வரணும் என்று கேட்கிற குரல். வள்ளிமயில் சிரித்தாள், "எல்லாரும் மேடம்னு கூப்பிடுவாங்க, நீயும் அப்படியே கூப்பிடு." வேடிக்கையாகச் சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாளா? காலையில் ஜீப்பில் இருந்து இறங்கியதும் அம்மா நேராக அவளிடம் வந்து, இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம் மேடம்" என்றாள். பின்னால் நின்ற அத்தை வாயில் போர்வையைத் திணித்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்பா வேறு எதுவுமா தெரியவில்லை. வள்ளிமயில் வணக்கம் என்றாள். அவளும் கையைக் கூப்பினாள். பெற்ற தாய்க்கு. கூப்பிய கையைப் பிரிக்கும்போது அம்மாவின் கண்ணைப் பார்த்தாள், அதில் ஒன்றும் இல்லை, மூடியிருந்தது. அப்போதாவது அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பக்கத்தில் சார் நின்றிருந்தார்.

மழை தூற ஆரம்பித்தது. குணசீலன் சார் ஜீப்பில் இருந்து குடையை எடுத்து விரித்தார், கறுப்புக் குடை, பிடி பிரம்பு வளைவு. அந்தப் பிடியைப் பார்த்ததும் வள்ளிமயிலுக்குள் எதுவோ நகர்ந்தது. அந்தக் குடை சாரின் அறை மூலையில் சாய்ந்து நின்றிருந்தது. நுனியில் இருந்து தண்ணீர் வடிந்து தரையில் ஓடி அவள் செருப்பு வரைக்கும் வந்தது, அவள் காலை நகர்த்தி வைத்தாள். என்றைக்கு? தாளைப் பிடித்துக்கொண்டு சிரித்த அன்றைக்கு. சிரித்துக்கொண்டே காலை நகர்த்தினாள். தாளின் ஓரம் நனைந்துவிடும் என்று துப்பட்டாவுக்குள் வைத்து எடுத்துப்போனாள் அல்லவா, ஆபீஸ் வாசலில் தவளைக் கத்தல், கரண்ட் இல்லை, சார் ஜன்னல் பக்கம் தாளைத் திருப்பித் திருப்பிப் பிடித்துத்தானே படித்தார். ஜன்னல் முழுக்க வெள்ளை. வெயிலும் இல்லை, பாறையும் இல்லை. அந்த வெயில் வேறு ஏதோ ஒரு நாளின் வெயில், அதை எடுத்து வந்து இங்கே ஒட்டியிருக்கிறாள். பெரியவர் மூடியிருந்தார். சொல்லலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம், தொண்டை கட்டும் வரைக்கும் கத்தலாம் என்கிற நாளில்தான் அவள் யாருக்கும் தெரியல என்று சொன்னாள். செட்டில்மெண்டின் பழக்கத்தை இத்தனை நாள் தன் பொய்யின் மேல் போர்வை மாதிரிப் போட்டு வைத்திருந்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். அம்மா காலி டம்ளரைக் கசக்காமல் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

டி.எஃப்.ஓ. அம்மா வந்துவிட்டார். இளம் வயது, வேக நடை, குடை வேண்டாம் என்று கையசைத்தார். அவர் துணியை இழுத்தபோது தூறல் நின்றிருந்தது, கைதட்டலோடு சேர்ந்து மூடுபனியும் கிழிய ஆரம்பித்தது. யாரோ அடடா என்றார்கள். முதலில் நாய்ப் பல், பிறகு சேணம், பிறகு எடித், பிறகு எல்லாவற்றுக்கும் பின்னால், எல்லாவற்றையும் விட அருகில் வந்துவிட்டவர் போல, அவர். வள்ளிமயில் திரும்பிப் பார்க்கவில்லை. பலகையின் பக்கத்தில் கூட்டத்தைப் பார்த்து நின்றிருந்தாள், அவர் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தார். அவளும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள், மைக் பிடிக்கிறவள் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பதால். படித்தாள். குரல் நன்றாகத்தான் வந்தது. காலேஜில் பேச்சுப் போட்டிக்குப் பழகிய குரல், உள்ளே என்ன நடந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். கப்பலில் இறந்த குழந்தைக்கு எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது, நின்றுவிடுவோம் என்று நினைத்தாள், தொண்டை அடைக்கும், இருமல் வரும், ஏதாவது வரும். ஒன்றும் வரவில்லை. பெயர் அறியாத மலைவாசிகள் என்று தெளிவாக, ல-வும் ற-வும் பிசகாமல், முழுசாகப் படித்து முடித்தாள். மைக்செட் பெட்டி அதை எதிர் மலைக்குச் சொன்னது. லேசான சிரிப்பு எழுந்தது, அந்தச் சிரிப்பு. அம்மாவுக்குத் தமிழ் புரியும்.

டி.எஃப்.ஓ. அம்மா கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க ஆளுங்க இந்த மலைய என்னன்னு சொல்லுவீங்க?"

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. போர்வைகள் அசைந்தன. அம்மா, அத்தை, கும்மிக்கு வந்த அத்தனை பேரும் மெதுவாக முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள்.

பிறகு குணசீலன் சார், "மேடம், பாருங்க, லைவ் டெமான்ஸ்ட்ரேஷன்" என்றார், கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் வள்ளிமயில் அம்மாவின் முதுகைப் பார்த்தாள். பிளாஸ்டிக் முத்து ஒன்று ஒட்டிய கொண்டை ஊசி, போன பொங்கலுக்கு அவள் வாங்கிக் கொடுத்தது. அந்த முதுகு பெரியவருக்காகத் திரும்பியதா, தனக்காகத் திரும்பியதா? இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நின்றால் எப்படித் தெரியும்? அவள் வாய் அசைந்தது, மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது.

"அவங்க கோவமா இல்ல மேடம்," என்றது மைக்செட் பெட்டி. சிரிப்பு மெல்ல வடிந்தது. "பேரு இருக்கு. மலைக்கு எதிர்ல சொல்ல மாட்டோம். இந்தப் பக்கம் வாங்க, அப்புறம் சொல்றோம்னு அர்த்தம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நடுவுல நிக்கறது எங்க அம்மா."

குணசீலன் சார் குடையை மடக்கினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. "அன்னைக்கு நான் கேட்டேனே வள்ளி," என்றார். திட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "கேட்டப்ப இல்லன்னீங்களே."

ஜன்னலில் மலை தெரிந்தது சார், அதனால்தான் சொல்லவில்லை. வாக்கியம் தயாராக இருந்தது. இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், பழக்கத்தைக் காத்தவள் என்று டி.எஃப்.ஓ. அம்மா தோளில் தட்டினாலும் தட்டுவார். அவளுக்கு எதிரில், திரும்பி நின்ற முதுகுகள் காது கொடுத்துக்கொண்டிருந்தன.

"அன்னைக்கு மழை சார்," என்றாள் வள்ளிமயில்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்கும் புரியவில்லை. கொண்டை ஊசியில் இருந்த பிளாஸ்டிக் முத்து மட்டும் லேசாக அசைந்தது. டி.எஃப்.ஓ. அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்ட்ரஸ்டிங், பலகையை மாத்தறதப் பத்தி எழுதி அனுப்புங்க குணசீலன் என்று சொல்லிவிட்டுப் பந்தல் பக்கம் நடந்தார், கூட்டமும் போண்டா வாசனையைப் பிடித்துப் பின்னால் போனது. போகும்போது சார் அவளைத் திரும்பிப் பார்த்தார், ஏதோ கேட்க வந்து கேட்காமல் போனார். நாளைக்குக் கேட்பார். கேட்கட்டும். பலகை சிமென்ட்டில் நின்றது, துணி இல்லாமல், அவள் எழுதிய எழுத்தோடு. மாற்றுவதற்கு எத்தனை நாள் ஆகுமோ, அதுவரை வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் படிப்பார்கள், படம் எடுப்பார்கள்.

பள்ளத்தாக்கில் இருந்து மேகம் மறுபடி ஏறி வந்தது. முதலில் கம்பித் தடுப்பு போயிற்று, பிறகு அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம். பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், டீப் பந்தலுக்கு நகர்ந்தார்கள். அத்தை போகிற போக்கில், "நல்லாத்தான் படிக்குது மேடம்," என்று விட்டுவிட்டுப் போனாள். அம்மா மட்டும் வந்து பக்கத்தில் நின்றாள். காலி டம்ளர் இன்னும் கையில் இருந்தது. பலகையைப் பார்த்தாள், படிக்கத் தெரியாதவள் படிக்கிற மாதிரி நிதானமாக, மேலிருந்து கீழ் வரைக்கும்.

"நல்ல மழையா அன்னைக்கு?" என்றாள்.

"நல்ல மழைம்மா."

"ஒண்ணுமே தெரியலையா?"

"ஒண்ணுமே தெரியல."

அம்மா தலையாட்டினாள். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று வள்ளிமயில் நின்றாள், அம்மா திட்டவில்லை. வெள்ளையைப் பார்த்து முகவாயை உயர்த்தினாள். "இப்பவும்தான் மூடிட்டாரு," என்றாள். வள்ளிமயில் மைக்கை அணைத்துக் கீழே வைத்தாள். அந்தப் பெயர் நாக்கில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது, ஹாஸ்டலுக்குப் போன வருஷத்தில் இருந்து அதைச் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளையைப் பார்த்து, சொன்னாள்.

"கேக்கல," என்றாள் அம்மா.